மலைநாட்டுக் காணி திரையில். மக்களின் உறுதி எங்கே?

மலைநாட்டு மண் இன்று கைத்தொலைபேசித் திரையில் விற்பனைக்கு வந்திருக்கின்றது. நுவரெலியாவில் பத்துப் பேர்ச், அட்டனில் அரை ஏக்கர், தலவாக்கலைச் சாலையோரத்தில் தேயிலையோடு கூடிய ஐந்து ஏக்கர், பழைய துரைமார் பங்களா ஒன்று என்று இணையத் தளங்களிலும், முகநூற் பக்கங்களிலும், வாட்ஸ்அப் குழுக்களிலும் நாள்தோறும் விளம்பரங்கள் வந்த வண்ணம் இருக்கின்றன. கொழும்பில் இருப்பவர் பார்க்கின்றார். யாழ்ப்பாணத்தில் இருப்பவர் பார்க்கின்றார். இலண்டனிலும் தொறொன்ரோவிலும் இருப்பவர் பார்க்கின்றார். அந்தத் தேயிலைச் செடியின் கீழ்த் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றவனும் அதே திரையில் அதே படத்தைப் பார்க்கின்றான். மற்றவர்கள் வாங்கலாமா என்று பார்க்கின்றனர். அவனோ, தன் வீடும் இதற்குள் அடங்குமோ என்று பார்க்கின்றான்.

நாம் இணையத்தின் எதிரிகள் அல்லோம். தரகர் ஒருவர் சொன்னதே விலை, அவர் காட்டியதே காணி என்றிருந்த நிலை மாறி, ஒரு சாதாரண ஆசிரியரும் ஒரு மரக்கறி விவசாயியும் நான்கு இடத்து விலையை ஒப்பு நோக்கிப் பார்க்க முடிகின்றது என்றால், அது வரவேற்கத் தக்கதே. எனினும், காணி என்பது கத்தரிக்காய் அன்று. படத்தைப் பார்த்துப் பணத்தை அனுப்பிப் பெற்றுக்கொள்ளும் பண்டம் அன்று. அதன் உயிர் உறுதியில் இருக்கின்றது. உறுதியைத் திரை காட்டுவதில்லை. மலைநாட்டிலோ, அந்த உறுதி என்ற ஒன்றே மிகப் பெரும்பாலான மக்களுக்கு மறுக்கப்பட்டு வந்திருக்கின்றது. சந்தை மின்னல் வேகத்தில் ஓட, உரிமை ஆமை வேகத்தில் ஊர்ந்தால், அதன் விளைவு யாதாகும்? இதுவே இன்று நம் முன் உள்ள கேள்வி.

1840 ஆம் ஆண்டின் இரு சட்டங்கள்

இதனை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1840 ஆம் ஆண்டில் பிரித்தானிய ஆட்சி இந்நாட்டில் காணி பற்றி இரண்டு கட்டளைச் சட்டங்களை இயற்றியது. ஒன்று, 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் ஆக்கிரமிப்புச் சட்டம். காடும், தரிசும், சேனை நிலமும், உரிமையை நிலைநாட்ட ஒருவர் இல்லாவிடில், முடிக்கே சொந்தம் என்று அது கூறிற்று. அவ்வாறு முடியின் கைக்கு வந்த மலைக்காடுகள் அக்காலத்தில் ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விற்கப்பட்டன. வாங்கியோருள் அரசாங்க உத்தியோகத்தர்கள் பலரும் இருந்தனர் என்பது வரலாறு.

மற்றொன்று, 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். காணியை விற்பதாயினும், விற்பதாக வாக்குக் கொடுப்பதாயினும், அது எழுத்தில் இருத்தல் வேண்டும். நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடப்படல் வேண்டும். இல்லையேல் செல்லாது என்று அது விதித்தது. ஆக, ஒரே ஆண்டில், ஒரு சட்டம் மலையை மக்களிடமிருந்து பிரித்தது. மற்றொரு சட்டம், எழுத்தில்லாதவனுக்கு மண்ணில்லை என்று முத்திரை குத்தியது. அந்த இரண்டாவது சட்டத்தின் ஆட்சியிலேயே நாம் இன்றும் வாழ்கின்றோம் என்பதை வாசகர்கள் மறத்தலாகாது.

மின்னணுக் கொடுக்கல் வாங்கல்களுக்கு இடமளிக்க 2006 ஆம் ஆண்டில் 19 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. கணினி வழியே செய்த ஒப்பந்தமும் ஒப்பந்தமே என்று அது ஏற்றுக்கொண்டது. ஆனால் அசையாச் சொத்தின் விற்பனையை அச்சட்டமே தன் எல்லைக்கு வெளியே நிறுத்தி வைத்தது. இதன் பொருள் என்ன? இணையத்தில் காணியைக் காட்டலாம், விலை பேசலாம், பேரம் முடிந்தது என்று மகிழலாம். ஆனால் இணையத்தில் காணி கைமாறுவதில்லை. அது நொத்தாரிசின் மேசையிலும் காணிப் பதிவகத்தின் ஏட்டிலுமே கைமாறுகின்றது.

திரை காட்டாதவை

இவ்வுண்மையை அறியாமையால் ஏமாறுவோர் யார்? பெரும் பணக்காரர் அல்லர். அவர்களுக்குச் சட்டத்தரணிகள் இருக்கின்றனர். ஏமாறுவோர், வாழ்நாட் சேமிப்பைத் திரட்டி, அட்டனிலோ கொட்டகலையிலோ பத்துப் பேர்ச் வாங்கி, பிள்ளைகளுக்கு ஒரு வீடு கட்டலாம் என்று எண்ணும் ஆசிரியர்களும், தாதியரும், எழுதுவினைஞரும், சிறு கமக்காரருமே ஆவர்.

“இன்னும் மூவர் கேட்கின்றனர், இன்றே முற்பணம் போட்டால் உங்களுக்கே” என்கிறது தொலைபேசிக் குரல். வங்கிக் கணக்கிற்குப் பணம் போகின்றது. படத்தில் இருந்த காணி வேறொருவருடையதாய் இருக்கலாம்; படமே வேறோர் இடத்தினதாய் இருக்கலாம். விற்பவர் உண்மையானவரேயானாலும், வாட்ஸ்அப்பில் எழுதிய வாக்குறுதியைக் கொண்டு, “காணியை எழுதித் தா” என்று நீதிமன்றத்தில் வற்புறுத்த முடியாது. விற்பதற்கான உடன்படிக்கையும் நொத்தாரிசு முன் எழுதப்பட்டதாய் இருத்தல் வேண்டும் என்பதே சட்டம். கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம். காணியைக் கேட்க இயலாது.

உறுதி எழுதி முடித்த பின்னரும் ஓர் ஆபத்து உண்டு. ஆவணப் பதிவுச் சட்டத்தின்படி, பதியப்படாத உறுதி, அதே காணிக்குப் பின்னர் எழுதப்பட்டு முந்திப் பதியப்பட்ட கிரய உறுதியின் முன் தோற்றுப் போகும். மோசடியோ கூட்டுச் சதியோ நிரூபிக்கப்பட்டாலன்றி, முந்திப் பதிந்தவனுக்கே முதலிடம். ஒரே காணியை ஒரே வாரத்தில் இரு ஊர்களில் உள்ள இருவருக்குக் காட்ட இணையம் வழி செய்திருக்கும் இக்காலத்தில், உறுதியைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, “பதிவைப் பிறகு பார்ப்போம்” என்றிருப்பது தன் தலையில் தானே மண்ணை வாரிப் போடுவதாகும்.

வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளருக்காக அற்றோணித் தத்துவம் பெற்றவர் விற்பதும் இன்று பெருவழக்காகி விட்டது. அத்தத்துவம் உண்மையானதா, இரத்துச் செய்யப்படாமல் இன்றும் செல்லுபடியாகின்றதா என்று பார்க்காமல் வாங்குவது பேதைமை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற நம் தமிழ் அன்பர்களுக்கும் ஒன்று கூறுவோம். வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றப்படுவதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகின்றது. அதன் விலக்குகளுள் தாம் அடங்குவரா என்று சட்டத்தரணியிடம் கேட்டறிந்த பின்னரே அவர்கள் பணத்தை அனுப்புதல் வேண்டும்.

மலைநாட்டிற்கே உரிய மற்றோர் ஆபத்து, மண்ணின் ஆபத்து. படத்தில் பச்சைப் பசேலென்று அழகு காட்டும் சரிவு, அடைமழையில் எமனாகலாம். 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டை உலுக்கியபோது, நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்ததைக் கண்டோம். மண்சரிவு அபாயம் உள்ள இம்மாவட்டங்களில் வீடு கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கருத்தைப் பெறுதல் வேண்டும். “கண்கவர் மலைக்காட்சி” என்று எழுதும் விளம்பரம், அந்த அறிக்கையைப் பற்றி ஒரு சொல்லேனும் எழுதுகின்றதா?

விளம்பரத்தில் எழுதப்படாத வரி

தனிநபர் பார்க்க வேண்டியவற்றை இதுவரை கூறினோம். ஆனால் நம்மை வருத்துவது வேறொன்று. ஒரு சிறு தோட்டம் விற்பனைக்கு வருகின்றது என்று கொள்வோம். எத்தனை ஏக்கர், எத்தனை ஏக்கரில் தேயிலை, பங்களாவில் எத்தனை அறை, ஓடை உண்டா, வாகனம் செல்லும் பாதை உண்டா என்று விளம்பரம் ஒன்றுவிடாமல் எழுதுகின்றது. லயத்தில் எத்தனை குடும்பங்கள் வாழ்கின்றன, அவர்களுடைய வீட்டுக்கும், கோயிலுக்கும், சுடுகாட்டுக்கும், கொல்லைக்கும் என்ன ஏற்பாடு என்று எழுதும் விளம்பரத்தை நாம் கண்டதில்லை. ஓடையை எண்ணுகின்றவர்கள் ஆட்களை எண்ணுவதில்லை!

இது புதிய வழக்கம் அன்று. இந்த மலைகள் கைமாறிய ஒவ்வொரு முறையும் அங்கு வாழ்ந்தோரைக் கேட்டவர் எவருமில்லை. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியொருவருக்கு 50 ஏக்கர் என்று உச்சவரம்பு விதித்தது. 1975 இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. நிலமற்றோருக்கு நிலம் என்ற முழக்கம் கேட்டது. ஆனால் அந்நிலத்தில் உழைத்த நிலமற்றோருக்கு அது கிட்டவில்லை. 1977 மே மாதத்தில், நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தேயிலைக் காணியைப் பிரித்துக் கொடுக்க எடுக்கப்பட்ட முயற்சியை எதிர்த்து நின்றபோது, டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். அவர் நிலம் கேட்டு மாண்டவர் என்பதை விட, நிற்க இடம் இல்லாமற் போகுமே என்று அஞ்சி மாண்டவர் என்பதே பொருந்தும்.

1992 இல் அரசு தோட்டங்களை நிர்வகிக்கும் பொறுப்பைப் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைத்தது. பின்னர் அது 2045 ஆம் ஆண்டு வரையான 53 ஆண்டுக் குத்தகையாயிற்று. எனவே, பெருந்தோட்டக் காணிகளிற் பெரும்பகுதி இன்றும் அரசின் சொத்தே, கம்பனிகள் குத்தகைக்காரரே. குத்தகைக் காணியின் ஓர் ஓரத்தைக் காட்டிச் “சின்னக்கரைக் காணி” என்று எவரேனும் விலை பேசினால், வாங்குபவர் விழித்துக்கொள்ள வேண்டும். தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள் கண்டபடி துண்டாடப்படுவதைக் கட்டுப்படுத்த 1958 ஆம் ஆண்டிலேயே 2 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது என்பதையும் அவர் அறிந்திருத்தல் வேண்டும்.

சந்தையின் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள்

ஒரு பேர்ச் என்பது ஏறக்குறைய 272 சதுர அடி. வெள்ளையர் காலத்து லய அறை ஒன்று பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதாவது 120 சதுர அடி. அரைப் பேர்ச் கூட இல்லை! அந்த அரைப் பேர்ச்சுக்கும் உறுதி இல்லை. நுவரெலியா மாவட்ட மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் தமிழர். அவர்களிற் பெரும் பகுதியினரோ, விற்கவும் வாங்கவும் ஈடு வைக்கவும் ஓர் அங்குல நிலத்துக்கும் பத்திரமின்றி வாழ்ந்தவர்கள்.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. 1964 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிப் பங்கிட்டது. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்க 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. குடியுரிமை வந்தது; வாக்கு வந்தது; ஆனால் மண் வரவில்லை. 1823 ஆம் ஆண்டிலிருந்து கணக்கிட்டு 2023 இல் இருநூறாண்டு நிறைவை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து சென்ற மக்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் காணியுரிமையும் ஒன்றாய் இருந்தது தற்செயல் அன்று.

இடையில் ஒன்றுமே நடக்கவில்லை என்று நாம் கூறவில்லை. ஏழு பேர்ச் காணியோடு தனி வீடு என்ற கொள்கை முன்வந்தது. இந்திய அரசின் உதவியோடு 4,000 வீடுகள் எழுந்தன. 2017 மே மாதம் நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2018 இல் மலையகப் புதிய கிராமங்களுக்கென ஓர் அதிகார சபை 32 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. ஏழு பேர்ச் பத்துப் பேர்ச்சாக வேண்டும் என்ற குரலும் அரசின் காதில் விழுந்தது. பத்துப் பேர்ச் என்பது ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு. இருநூறாண்டு உழைப்புக்கு இந்தப் பதினாறில் ஒன்றையும் எண்ணி எண்ணித்தான் கொடுக்க வேண்டுமா?

இனி, கூலியையும் பாருங்கள். நாட்கூலி 1,000 ரூபா ஆவதற்கு 2021 ஆம் ஆண்டு வரை போராட வேண்டியிருந்தது. 2024 இல் அது 1,350 ரூபாவாயிற்று. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் 1,550 ரூபாவும், வருகைக்கென 200 ரூபாவும் என்று கூறிற்று. திரையில் ஒரு பேர்ச்சின் விலையோ இலட்சங்களிற் பேசப்படுகின்றது. உறுதியில்லாதவனுக்கு வங்கி கடன் கொடுக்குமா? ஈடு வைக்க நிலமின்றி, நிலம் வாங்கக் கடன் பெறுவது எங்ஙனம்? தோட்டத்து ஓரத்தில் கரட்டும் லீக்சும் உருளைக்கிழங்கும் பயிரிட்டு நாட்டுக்கு மரக்கறி அனுப்பும் விவசாயியின் நிலையும் இதுவே. அவன் கிளறிய மண் அவன் பெயரில் இல்லை. பத்திரமற்றவனின் பயிர், காற்றில் வைத்த விளக்கு.

“கொடுத்தால் விற்றுவிடுவார்கள்” என்போருக்கு

இவ்விடத்தில் ஒரு வாதம் எழுப்பப்படுகின்றது. “தோட்டத்து மக்களுக்கு முழு உரிமையுள்ள உறுதியைக் கொடுத்தால், நாளையே இணையத்தில் விளம்பரம் போட்டு வெளியாருக்கு விற்றுவிடுவார்கள், மலை அவர்கள் கையை விட்டுப் போய்விடும்” என்கின்றனர் சிலர். அக்கறையோடு இதனைக் கூறுவோரும் உளர். கொடாமலிருக்க ஒரு சாக்காகக் கூறுவோரும் உளர்.

இரு சாராருக்கும் நாம் கூறுவது இதுதான். கொழும்பில் வீடு வைத்திருப்பவரைப் பார்த்து, “நீர் விற்றுவிடுவீர், ஆகவே உமக்கு உறுதி இல்லை” என்று யாரேனும் கூறியதுண்டா? தோட்டத் தொழிலாளியைப் பார்த்து மட்டும் ஏன் அந்தக் கேள்வி? அவனை என்றும் பிள்ளையாகவும் தம்மை என்றும் பெற்றோராகவும் கருதும் பழைய கங்காணி மனப்பான்மை அன்றோ இது?

ஆயினும், அந்த அச்சத்தில் ஓர் உண்மை இருப்பதை நாம் மறைக்கவில்லை. ஒரு நோய், ஒரு திருமணம், ஒரு வட்டிக் கடன் போதும். கைக்கு வந்த பத்துப் பேர்ச்சும் போய்விடலாம். தொலைபேசியில் இலட்சங்களைக் காட்டும் தரகரின் குரல் வறியவனின் காதுக்கு இனிமையாகவே இருக்கும். ஆனால் இதற்கு மருந்து உரிமையை மறுப்பதன்று. உறுதியைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதுங்கள். அப்போது ஒருவர் கையொப்பத்தால் மட்டும் முழு வீடும் போய்விடாது. அவசரத்துக்கு நியாய வட்டியில் கடன் பெற வங்கியையும் கூட்டுறவுச் சங்கத்தையும் தோட்டத்து வாசலுக்குக் கொண்டு வாருங்கள். விற்றால் என்ன இழப்பு, வைத்தால் என்ன பயன் என்பதை அவன் மொழியில் எடுத்துச் சொல்லுங்கள். அதன் பின்னர் முடிவு அவனுடையது. விற்கும் உரிமை இல்லாத உடைமை உடைமையாகாது. விற்க வேண்டிய நிலைமை இல்லாமற் செய்வதே அரசியல்.

செய்ய வேண்டுவன

அரசாங்கத்திடம் நாம் கேட்பவை பல அல்ல. முதலாவது, வீட்டுக் காணி பெறுவோருக்குக் கொடுக்கப்படும் பத்திரம், விழா மேடையில் படம் பிடிப்பதற்கான அட்டையாக இராமல், நில அளவைப் படத்தோடு கூடியதாய், காணிப் பதிவகத்தின் ஏட்டில் ஏறியதாய், வங்கி ஏற்கத் தக்கதாய் இருத்தல் வேண்டும். அது தமிழிலும் எழுதப்படல் வேண்டும். தன் வீட்டின் உறுதியைத் தானே வாசிக்க முடியாதவன் எவ்வாறு அதன் சொந்தக்காரன் ஆவான்?

இரண்டாவது, 1998 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தின் கீழ், 2007 முதல் நடைபெற்று வரும் “பிம் சவிய” நிகழ்ச்சித் திட்டம் நாடு முழுவதையும் இன்னும் எட்டவில்லை. அதனை மலைநாட்டுக்கு விரைவுபடுத்துக. காணிப் பதிவேடுகளை மும்மொழியிலும் எவரும் எளிதிற் பார்வையிட வழி செய்க. விளம்பரம் நொடியில் கைக்கு வரும்போது, அதன் உண்மையை அறிய மட்டும் நாட்கணக்கில் அலைய வேண்டும் என்பது எந்த நியாயம்?

மூன்றாவது, காணி விளம்பரம் வெளியிடும் இணையத் தளங்கள், உறுதியின் இலக்கத்தையும் நில அளவைப் படத்தின் இலக்கத்தையும் பெற்ற பின்னரே விளம்பரத்தை ஏற்க வேண்டும் என்று விதிக்க வேண்டும். குத்தகைக் காணியா, சொந்தக் காணியா, அதில் குடியிருப்போர் உளரா என்பதை விளம்பரம் வெளிப்படையாய்க் கூறுதல் வேண்டும். தோட்டம் ஒன்று கைமாறும்போது, அங்கு வாழ்வோரின் வீடும் வழியும் நீரும் முதலில் எழுத்தில் உறுதி செய்யப்படாமல் விற்பனை பூர்த்தியாகக் கூடாது.

வாங்க எண்ணும் நம் மக்களுக்கும் ஒரு சொல். கண்ணால் காணாத காணிக்குக் காசு கொடாதீர். கிராம உத்தியோகத்தரையும் அயலவரையும் விசாரியுங்கள். நீங்களே தேர்ந்த நொத்தாரிசைக் கொண்டு முப்பது ஆண்டுகளுக்குக் குறையாத உரித்துத் தொடரைப் பதிவேட்டில் தேடுங்கள். நில அளவையாளரோடு சென்று எல்லையைக் காலால் நடந்து பாருங்கள். பாதை பொதுப் பாதையா, தோட்டம் அனுமதித்த பாதையா என்று கேளுங்கள். முற்பணமாயினும் நொத்தாரிசு எழுதிய உடன்படிக்கையின் மேலேயே கொடுங்கள். உறுதி முடிந்தால் அதனை உடனே பதியச் செய்யுங்கள்.

படித்த தமிழருக்கு இன்னும் ஒரு கடமை உண்டு. சட்டத்தரணிகளே, நில அளவையாளர்களே, ஆசிரியர்களே! மாதத்தில் ஒரு ஞாயிறு பொகவந்தலாவைக்கோ மஸ்கெலியாவுக்கோ சென்று, மக்கள் கையில் இருக்கும் பழைய கடிதங்களையும் பற்றுச் சீட்டுகளையும் வாசித்து, எது உறுதி, எது உறுதியன்று என்று எடுத்துரைப்பீர்களாயின், அது ஆயிரம் மேடைப் பேச்சுக்கு நிகராகும். தோட்டங்களை வாங்கும் வசதி படைத்த தமிழரும் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். வாங்குபவர் தமிழர் என்பதனால் மட்டும் லயத்தில் இருப்பவனுக்கு விடிவு வந்துவிடாது. அவனுடைய பத்துப் பேர்ச்சை முதலில் எழுதிக் கொடுத்துவிட்டு, மிகுதியை வாங்குவதே அறம்.

காணிச் சந்தை இணையத்திற்கு வந்துவிட்டது, அதனை எவராலும் திருப்பி அனுப்ப இயலாது, அனுப்பவும் வேண்டியதில்லை. ஆனால் சந்தை என்றால் அதில் எல்லோருக்கும் இடம் இருத்தல் வேண்டும். மலையைச் செதுக்கியவன் கையில் ஒரு முழு உறுதி இருக்கும் நாளிலேதான், அந்தச் சந்தையை நியாயமான சந்தை என்று நாம் அழைப்போம். அதுவரை மலைநாட்டுக் காணி விளம்பரம் ஒவ்வொன்றும் விலையைக் குறிக்கும் சீட்டாக மட்டுமன்றி, கொடுக்கப்படாத ஒரு கடனின் கணக்காகவும் இருக்கும். அக்கடனை அரசு தீர்க்குமா? தீர்க்கும் வரை கேட்டுக்கொண்டே இருப்பது நம் கடமை.